சாகலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமா?

மீன் தொட்டி வைக்கிறவங்க பேச்சில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "தொட்டி எவ்வளவோ, மீன் அவ்வளவுதான் வளரும்." கடைக்காரர் சொல்வார், ஏற்கெனவே மீன் வளர்க்கும் நண்பர் சொல்வார், வீடியோ போடுகிறவரும் சொல்வார். நாலு அடி வளரக்கூடிய மீன்கள் ரெண்டு அடித் தொட்டிக்குள் போவது பெரும்பாலும் இந்த வாக்கியத்தை நம்பித்தான். அதையும், அதோடு சேர்ந்து வரும் மற்ற சமாதானங்களையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம்னுதான் இந்தக் குறிப்பு.

எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம்னு முதல்ல தெளிவா இருக்கணும். கொளத்தூர் பக்கம் போனால் கடைக்குக் கடை 'ஷார்க்' என்று ஒரு மீன் இருக்கும். மூணு அங்குலம், வெள்ளி நிறம், கூட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுறா இல்லை, கெளுத்தி இனம். சொந்த ஊர் மெக்காங் ஆறும், தாய்லாந்தின் சாவோ பிரயா ஆறும். நாலு அடிக்கு மேல் வளரும், 40 கிலோவைத் தாண்டும். முட்டையிட நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆற்றில் பயணம் போகும். ஓட்டலில் 'பாசா' என்று தட்டில் வருவதும் பெரும்பாலும் இதேதான். வியட்நாம் வருஷத்துக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் இதைப் பண்ணையில் வளர்க்கிறது. ஆனால் காட்டு நிலையில் இது அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினாலும் 56 லிட்டர்தான் பிடிக்கும். மூணு அங்குலக் குஞ்சு மூணு அடி ஆனால் நீளம் 12 மடங்கு. நீளத்தோடு அகலமும் பருமனும் கூடுவதால் எடை 12 × 12 × 12, அதாவது ஏறக்குறைய 1,700 மடங்கு. தின்பதும் கழிப்பதும் அதே 1,700 மடங்கு கூடாவிட்டாலும், பல நூறு மடங்காவது கூடும். "அப்புறம் பெரிய தொட்டி வாங்கிக்கலாம்" என்பவர்கள் நீளத்தை மட்டும் மனசில் வைத்துப் பேசுகிறார்கள். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டி வாங்கினாலும், மூணு அடி மீன் உடம்பை மடித்துத்தான் அதில் திரும்ப முடியும்.

சரி, தொட்டி அளவுக்கு மீன் நின்றுவிடுகிறது என்பது முழுப் பொய்யா? இல்லை. வளர்ச்சி குறைவது நிஜம்தான். அதன் காரணம்தான் யாரும் சொல்லாதது. மீன் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஃபில்டரில் உள்ள பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். தண்ணீர் மாற்றாவிட்டால் அது தேங்கும். சின்ன இடம், கெட்ட தண்ணீர், ஓயாத பதற்றம் எல்லாம் சேர்ந்து வளர்ச்சியை அமுக்குகின்றன. சத்துக் குறைவால் வளராத குழந்தையைப் பார்த்து "வீட்டுக்கு ஏத்த மாதிரி அளவா வளர்ந்திருக்கு" என்று யாராவது சொல்வோமா?

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த விஷயம். இந்த 'ஷார்க்', அமேசானின் அரபைமா, அமெரிக்காவின் முதலைமூக்கு கார் மீன், இந்த மூன்றுக்கும் ஒரு பொது இயல்பு உண்டு. மூன்றுமே தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கி சுவாசிக்கக்கூடியவை. ஆக்ஸிஜன் குறைந்த நீரில் தாக்குப்பிடிக்க இயற்கை கொடுத்த வசதி அது. மற்ற மீன்கள் மூச்சுத் திணறும் தண்ணீரிலும் இவை கிடக்கும். கடையில் "ரொம்ப ஹார்டி சார், சாகவே சாகாது" என்று விற்பதற்குக் காரணம் இதுதான். கஷ்டத்தைத் தாங்கும் திறமையையே நாம் கஷ்டம் இல்லை என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். சீக்கிரம் செத்துப்போகும் மீனாவது "ஏதோ தப்பு நடக்குது" என்று காட்டிவிட்டுப் போகிறது. சாகாத மீனுக்கு அந்த வழியும் இல்லை.

"மீனுக்கு வலி தெரியுமா என்ன?" என்று ஒரு கேள்வி வரும். 2003-ல் லின் ஸ்னெட்டன் குழு டிரவுட் மீனின் உதட்டில் எரிச்சலூட்டும் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தது. மீன்கள் உதட்டைக் கல்லில் தேய்த்தன, தீனி எடுக்கத் தாமதித்தன. 2016-ல் பிரையன் கீ என்பவர், வலியை உணரத் தேவையான மூளை அமைப்பு மீனுக்கு இல்லை என்று வாதிட்டார். விவாதம் ஓயவில்லை. ஆனால் திரும்ப இடமில்லாத உயிருக்குத் திரும்ப இடம் வேண்டும் என்று சொல்ல, அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நம் சட்டமும் காத்திருக்கவில்லை. 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி, மனிதன் தவிர எந்த உயிரும் 'விலங்கு'தான். அசைய நியாயமான வாய்ப்பு தராத கூண்டிலோ கொள்கலனிலோ அடைத்து வைப்பது அதன் 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தக் குஞ்சை வாங்கவே அவ்வளவு ஆகும்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது: "இதே மீனைப் பொரிச்சுத் தின்றோம். வளர்த்தா மட்டும் பாவமா?" பண்ணையில் இடநெருக்கடி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பண்ணைக்காரர் மீனை நேசிப்பதாகச் சொல்வதில்லை. தொட்டி வைப்பவர் சொல்கிறார். பேர் வைக்கிறார், படம் எடுத்துப் போடுகிறார். அவர் வைத்த அளவுகோலால்தான் அவரை அளக்கிறேன்.

அரவானா விஷயத்தில் இது இன்னும் வினோதம். வாஸ்து மீன் என்று வைக்கிறார்கள். காட்டில் தண்ணீரிலிருந்து எகிறி, கிளையில் இருக்கும் பூச்சியைப் பிடிக்கும் மீன் அது. செத்துப்போனால் "வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு" என்று சொல்லி அடுத்ததை வாங்கி வருகிறார்கள். தண்ணீரைச் சோதிக்க வேண்டிய வேலை அத்தோடு முடிந்தது.

கடைசியில் மீன் ஜெயித்து, தொட்டி தோற்றுவிட்டால்? ராத்திரியில் ஏரிக்குப் போகும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அரபைமா பிடிபட்டது. அங்கே காரணம் வளர்ப்புக் குளங்கள் உடைந்தது. 2023-ல் ஸ்ரீநகர் தால் ஏரியில் முதலைமூக்கு கார் கிடைத்தது. அமெரிக்க மீன் காஷ்மீருக்குத் தானாக நீந்தி வந்திருக்காது. ஜப்பான் 2018 ஏப்ரலிலிருந்து கார் மீன் இனங்களைப் புதிதாக வளர்க்கத் தடை போட்டது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் அனுமதி வாங்க வேண்டும்.

பெரிய மீனை யாருமே வைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நிலமும் குளமும், பத்து இருபது வருஷம் பராமரிக்கப் பொறுமையும் உள்ளவர்கள் இருக்கலாம். நான் கேட்பது சின்ன விஷயம். கடைத் தொட்டியில் விலை எழுதும் சீட்டிலேயே, முழுசா வளர்ந்தால் எத்தனை அடி என்றும் எழுதட்டும். எழுதாத கடையில் நாமே கேட்கலாம். "தொட்டியைப் பொறுத்தது சார்" என்று பதில் வந்தால், பையில் மீனை வாங்காமல் வந்துவிடுங்கள்.