டாம் சிம்ப்ஸனும் டாக்டர் டூமாவும்

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முதன்முதலாக மஞ்சள் சட்டை அணிந்த ஆங்கிலேயரும், 1965-இல் உலகச் சாம்பியன் பட்டம் வென்றவருமான டாம் சிம்ப்ஸன், 1967 ஜூலை 13-ஆம் தேதி வான்டூ மலையுச்சிக்குச் சற்றுக் கீழே, 29 வயதில் உயிர் நீத்தார். அந்த மரணத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர், அவருடைய சட்டைப் பையில் அகப்பட்ட ஆம்ஃபெடமின் மாத்திரைகளோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். வைத்தியத் தொழிலில் இருந்துகொண்டே சைக்கிளிலும் தீராத பிரியம் வைத்திருக்கும் எனக்கு, அந்தத் தீர்ப்பு பூரணமானதாகத் தோன்றவில்லை.

மிதிக்கிறவனுடைய தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. மிச்சமெல்லாம் உஷ்ணமாக மாறிவிடுகிறது. சமவெளியில் விரைந்து போகும்போது எதிர்க்காற்று அந்த உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு போய்விடும். மலையேற்றத்தில் வேகம் குறைய, காற்றின் உதவியும் குறைந்து, பிரயாசை மட்டும் வளர்ந்துகொண்டே போவதால், தேகத்தைக் காக்க வியர்வை ஒன்றுதான் எஞ்சுகிறது. வான்டூவின் மேற்பகுதியில் ஒதுங்குவதற்கு ஒரு மரம் கிடையாது; எங்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள்.

சிம்ப்ஸன் முந்திய நாட்களில் வயிற்றுப்போக்கால் நீரை இழந்திருந்தார். அக்காலத்துப் பந்தயத்தில் குடிநீரும் அளவோடுதான் கிடைத்தது. வழியில் பிராந்தியும் உள்ளே போயிற்று. இத்தனைக்கும் மேலே ஆம்ஃபெடமின்! அது புதிதாகப் பலம் எதையும் கொடுப்பதில்லை; இனிமேல் முடியாதென்று சரீரம் இடும் கூக்குரலை மூளைக்கு எட்டாமல் செய்து, தோலின் ரத்தக் குழாய்களையும் சுருக்கி, உஷ்ணம் வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. விழுந்தவரைத் தூக்கி மறுபடியும் வண்டியில் ஏற்றினார்கள்; சில நூறு கெஜ தூரம் தள்ளாடிச் சென்று மீண்டும் சாய்ந்தார்.

அவருடைய உயிரை மீட்கப் போராடியவர்களில் ஒருவர் பந்தயத்தின் வைத்தியர் பியேர் டூமா. 1955-இல் இதே மலையில் மாலேஜாக் என்ற பிரெஞ்சு வீரர் நினைவிழந்து விழுந்தபோது, இறுகிப் போயிருந்த தாடையைப் பலவந்தமாகத் திறந்து அவரைப் பிழைக்கவைத்தவரும் இவரே. அன்று முதல் ஊக்க மருந்துகளுக்கு எதிராக அவர் எச்சரித்துக்கொண்டே இருந்தார். 1965-இல் பிரான்ஸில் சட்டமும் வந்தது. ஆனால் 1966-இல் போர்டோ நகரில் முதல் சோதனை நடந்ததும், வீரர்கள் மறுநாள் வண்டியை விட்டு இறங்கி நடந்து தங்கள் ஆட்சேபத்தைக் காட்டினார்கள். கெடுதலைத் தங்கள் உரிமையென்று அவர்களே வாதாடியது, எனக்கு இன்றும் மனவேதனை தருகிற செய்தி.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகிய சிம்ப்ஸனுக்குச் சைக்கிள்தான் ஜீவனோபாயம். அவரை வஞ்சகர் என்று ஒதுக்க நான் சம்மதியேன். சக வீரர்களும் அப்படி ஒதுக்கவில்லை. மறுநாள் அவருடைய அணித்தோழர் பாரி ஹோபனை எல்லோருக்கும் முன்னால் போகவிட்டு, வெற்றியை அஞ்சலியாக்கினார்கள். குற்றம் ஊக்க மருந்து உட்கொள்ளும் அந்த வழக்கத்தையும், அதைக் கண்டும் காணாதிருந்த நிர்வாகிகளையும் சேர்ந்தே சாரும்.

வெயிலில் ஓட்டுகிறவர் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, அவர் எவ்வளவு மன்றாடினாலும் திரும்ப வண்டியில் ஏற்றாதீர்கள்; நிழலில் கிடத்தி, உடம்பு முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே, உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.