கைவசம் ஒரு பிரதி

கார் துரத்தல் படங்களில் பெரும்பாலானவை ஒரு தடவை பார்த்தால் தீர்ந்துவிடும். யார் தப்பினார், யார் அகப்பட்டார் என்று தெரிந்த பிறகு சத்தம் மட்டுந்தான் மிச்சம். எச். பி. ஹாலிக்கி 1974இல் எடுத்த 'கான் இன் 60 செகண்ட்ஸ்' அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அதைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருக்கலாமா என்று கேட்டால், வைத்திருக்க வேண்டும் என்றே சொல்வேன். எந்தப் பிரதியை என்பதில்தான் சிக்கல்.

ஹாலிக்கி கலிபோர்னியாவில் பழைய வாகனங்களை வாங்கி உடைத்து விற்றவர். பெரிய ஸ்டூடியோ எதுவும் அவர் பின்னால் நிற்கவில்லை. எழுதியதும் இயக்கியதும் தயாரித்ததும் நடித்ததும், ஆபத்தான காட்சிகளில் காரை ஓட்டியதும் அவரே. முழுமையான திரைக்கதைகூட இருக்கவில்லை. கதையும் நடிப்பும் மெலிந்தவை. முதல் பாதிக்குப் பொறுமை வேண்டும். அதன்பின் மஞ்சள் மஸ்டாங் வீதியில் இறங்குகிறது, ஏறத்தாழ 40 நிமிடங்களுக்கு ஓட்டம் ஓய்வதில்லை. படத்துக்காக நொறுங்கிய வாகனங்கள் 93. நெடுஞ்சாலையில் கார் விளக்குக் கம்பத்தில் மோதுவது நிஜ விபத்து. அதை வெட்டாமல் படத்திலேயே வைத்தார். கடைசிப் பாய்ச்சலில் கார் 128 அடி தூரம் பறந்து விழுந்தபோது அவருடைய முதுகெலும்பு நசுங்கியது. 1989இல் இரண்டாம் பாகத்துக்காக ஒரு தண்ணீர்த் தாங்கியைச் சரிக்கும் காட்சிக்கு ஆயத்தம் நடக்கையில், கம்பமொன்று முறிந்து விழுந்து இறந்துபோனார்.

இந்தத் துறையில் முதலில் சொல்லப்படும் பெயர் 'புல்லிட்' (1968). சுமார் 11 நிமிடத் துரத்தல். படத்தொகுப்புக்காக பிராங்க் கெல்லருக்கு ஒஸ்கார் கிடைத்தது. கூர்ந்து பார்த்தால் ஒரே பச்சை வோக்ஸ்வாகனைத் திரும்பத் திரும்ப முந்துகிறார்கள். அது வெட்டி ஒட்டி உண்டாக்கிய வேகம், அழகானதும்கூட. ஹாலிக்கியிடம் அந்த நளினம் கிடையாது. அவர் படத்தில் தெரிவது 1970களின் லொஸ் ஏஞ்சலஸ் புறநகர் வீதிகள், கடைப் பெயர்ப்பலகைகள், வேடிக்கை பார்க்கும் சனம், நசுங்கும் தகடு. மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவில் பஸ்ஸில் போய்வந்த கண்டிக்காரருக்கு, திருப்பத்தில் வாகனத்தின் பாரம் ஆளை எந்தப் பக்கம் தள்ளும் என்பது உடம்பிலேயே பதிந்திருக்கும். கணினியில் உருவாக்கிய கார்களுக்கு அந்தப் பாரம் வருவதில்லை. இந்தப் படத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் அது இருக்கிறது.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் துரத்தல் படத்தில்தான் பெயர் எடுத்தார். ஒரு லொறி ஒரு காரை விடாமல் விரட்டும் 'டூயல்' 1971இல் தொலைக்காட்சிக்காக 74 நிமிடங்களில் எடுக்கப்பட்டது. பின்னர் தியேட்டருக்காக 90 நிமிடங்களாக நீண்டது. வாங்குபவர் எந்த 'டூயல்' என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதே ஸ்பீல்பெர்க் 1983 ஏப்ரலில் 'இண்டியானா ஜோன்ஸ்' இரண்டாம் படத்துக்காகக் கண்டிக்கு வந்தார். இந்தியாவில் அனுமதி கிடைக்காததால் ஹந்தானைத் தேயிலைத் தோட்டம் வட இந்தியக் கிராமமானது. தொங்குபாலம் கட்ட, அப்போது விக்டோரியா அணைக்கட்டு வேலையில் இருந்த பொறியியலாளர்கள் உதவினார்கள்.

அந்தப் படப்பிடிப்பு முடிந்து சில மாதங்களுக்குள், ஜூலைக் கலவரத்தின்போது, ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ கொளுத்தப்பட்டது. பல படங்களின் நெகட்டிவ்கள் அங்கே சாம்பலாயின. கண்டியில் எடுத்த ஹொலிவுட் படம் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. இந்த நாட்டவர் எடுத்த படங்களுக்கு மூலமே இல்லாமல் போனது. இதை நினைக்கும்போது எனக்கு ஆறுவதில்லை. தோட்டத் தொழிலாளரின் வாழ்வைச் சொன்ன 'தோட்டக்காரி' (1963) நம்முடையது. தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தாமே பணம் போட்டு, தாமே நாயகனாக நின்று எடுத்த 'புதிய காற்று' (1975), 'நான் உங்கள் தோழன்' (1978) ஆகியவையும் அப்படியே. துணிவில் அவர் ஹாலிக்கிக்குக் குறைந்தவரல்ல. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' படத்தின் மூல நெகட்டிவும் தொலைந்ததுதான். எஞ்சியிருந்த பிரதிகளை வைத்தே 2013இல் அதை மீட்டெடுத்தார்கள். மூலம் அழிந்த பிறகு எங்கோ ஒருவர் விட்டுவைத்த பிரதிதான் படம்.

ஹாலிக்கி படத்துக்கு வேறு விதமான சேதம். பிற்காலத்தில் வந்த டிவிடிகளில் படம் துலக்கமாக இருக்கிறது. ஆனால் பழைய இசையை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்திருக்கிறார்கள். 1974இல் தியேட்டரில் கேட்டது அதில் இல்லை. ஆகவே கண்ணுக்குப் புதிய வட்டை வாங்கலாம். காதுக்கு 1980களின் வீடியோ நாடாவைத் தேட வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியுமென்றால் நான் நாடாவையே எடுப்பேன்.

'டெக்' வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலத்து நாடாக்கள் கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் சில வீடுகளில் இன்னும் கிடக்கக்கூடும். இங்குள்ள ஈரத்துக்கு நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளை படிந்ததை அப்படியே டெக்கில் போட்டால் நாடாவும் பாழ், ஹெட்டும் பாழ். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்வித்து, டிஜிட்டலாக மாற்றி, இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். ஹாலிக்கி படமென்றால் ஆறுதலாகச் செய்யலாம். உறையில் வி. பி. கணேசன் பெயர் இருந்தால் இந்த மழைக்காலம் தொடங்குமுன் செய்துவிடுங்கள்.