மிகைபடக் கூறலா, மயங்க வைத்தலா?

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் வகுக்கிறது. குன்றக் கூறல் முதலில் நிற்கிறது. மிகைபடக் கூறல் அதனை அடுத்து நிற்கிறது. மயங்க வைத்தல் ஆறாவதாக வருகிறது. பவணந்தியார் இவற்றை நூல் செய்வாரை நோக்கியே கூறினார். ஆயினும், மக்களின் உயிரைப் பற்றிப் பேசும் அறிவிப்புகளுக்கு இவ்வளவுகோல் பொருந்தாது என்று எவரும் கூறார். நூலில் உள்ள குற்றம் கற்பவனின் அறிவைக் கெடுக்கும். நோய் அறிவிப்பில் உள்ள குற்றமோ, மருத்துவரிடம் போகவேண்டியவனைப் போகவிடாமல் தடுக்கும்; அல்லது தேவையின்றி ஊரையே நடுங்க வைக்கும்.

புதிய புளூக் காய்ச்சல் ஒன்று தலைகாட்டும் போதெல்லாம் இரண்டு கட்சிகள் எழுகின்றன. ஊரையே வாரிக்கொண்டு போகும் நோய் இது என்பது ஒரு கட்சி. வெறுஞ் சளியை மலையாக்கி மருந்து விற்கிறார்கள் என்பது மற்றொரு கட்சி. 2025 அக்டோபரில் மலேசியப் பள்ளிகளில் ஏறத்தாழ 6,000 மாணவர்க்குப் புளூக் காய்ச்சல் கண்டதாக அறிவிக்கப்பட்டது. சில பள்ளிகள் மூடவும் பட்டன. பினாங்குத் தீவின் கெலுகோர் போன்ற ஓர் ஊருக்கு இவ்வாதம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் சுப்பிரமணிய பாரதி தமிழ்ப்பள்ளியும் அமைந்த ஊர் அது. பல திசைகளிலிருந்து வந்து ஒரே விடுதியில் தங்கும் இளைஞரும், ஒரே வகுப்பில் தோளோடு தோள் அமரும் சிறுவரும் உள்ள இடத்தில், "பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?" என்று தாய் கேட்டால், முதலில் விடை கூறவேண்டியவர் ஆசிரியரே. அவர் எக்கட்சியை நம்புவது?

இதனைத் தெளிய 2009ஆம் ஆண்டின் வழக்கை எடுத்துக்கொள்வதே முறை. அவ்வாண்டு ஏப்ரலில் மெக்சிக்கோவிலும் அமெரிக்காவிலும் எச்1என்1 என்னும் புதிய புளூக் கிருமி கண்டறியப்பட்டது. மே 15இல் மலேசியாவில் முதல் நோயாளி அறியப்பட்டார். ஜூலையில் முதல் இறப்பு நேர்ந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோரை மலேசியா இழந்தது. ஜூன் 11இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் எச்சரிக்கையை ஆறாம் படிக்கு உயர்த்தி, உலகளாவிய தொற்று தொடங்கிவிட்டது என அறிவித்தது. ஆறாம் படியே உச்சப் படி. அன்றைய தினமே அதன் தலைமை இயக்குநர் மார்கரெட் சான், நோயின் கடுமை நடுத்தரமானது என்றும் கூறினார். உச்சம் என்ற சொல்லும் நடுத்தரம் என்ற சொல்லும் ஒரே வாயிலிருந்து ஒரே நாளில் வந்தன. மக்கள் காதில் விழுந்தது முன்னதே.

எதிர்க்கட்சியின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்றப் பேரவையைச் சேர்ந்த ஜெர்மானிய மருத்துவர் வூல்ப்காங் வோடார்க், இது பொய்யாக எழுப்பப்பட்ட அச்சம் என்று குற்றஞ்சாட்டினார். 2010 ஜனவரியில் அப்பேரவை இதனை விசாரணைக்கு எடுத்தது. அதே ஆண்டு ஜூனில் பிரித்தானிய மருத்துவ இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2004இல் புளூ மருந்துகள் பற்றி அந்நிறுவனத்துக்கு வழிகாட்டுக் குறிப்பு எழுதிய வல்லுநர் சிலர், அம்மருந்து செய்யும் கம்பெனிகளிடம் ஊதியம் பெற்றவர்கள் என்பதை அது எடுத்துக் காட்டியது. அவசரக் குழுவில் இருந்தோரின் பெயர்களும் 2010 ஆகஸ்டில் தொற்று முடிந்ததாக அறிவிக்கப்படும் வரை மறைத்து வைக்கப்பட்டிருந்தன. அரசுகள் கோடிக்கணக்கில் வாங்கிக் குவித்த டாமிபுளு மாத்திரை, பெரியவர்களின் நோய்க்குறிகளை ஏறத்தாழ அரைநாளே குறைக்கிறது என்று 2014இல் காக்ரேன் மதிப்பாய்வு கூறியது. ஐயத்துக்கு இத்தனை இடம் வைத்துவிட்டு, ஐயுறுவாரைப் பழிப்பது அறமாகாது.

ஆனால், ஐயுற இடமுண்டு என்பதும் நோய் சிறிது என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே எதிர்க்கட்சியின் பிழை. ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்யப்பட்ட இறப்புகள் உலகெங்கும் 18,449 என்பது அவர்கள் காட்டிய சான்று. ஆண்டுதோறும் வரும் புளூவே இதனினும் பலரைக் கொல்லுமே என்றனர். ஆயின், சோதனை செய்யப்படாமல் இறந்தோர் அக்கணக்கில் இல்லை. 2012இல் வெளிவந்த மதிப்பீடு, முதலாண்டில் இறந்தோர் 1,51,700 முதல் 5,75,400 வரை இருக்கலாம் என்றது. மேலும், வழக்கமான புளூ பெரும்பாலும் முதியோரைக் கொண்டுபோகும். இதிலோ இறந்தோருள் பத்தில் எட்டுப் பேர் 65 வயதுக்கு உட்பட்டவர். உயிர்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி, அவ்வுயிர்களின் வயதைச் சொல்லாமல் விடுவது குன்றக் கூறலே.

எண்ணப்பட்டது வேறு, நிகழ்ந்தது வேறு என்பதற்கு இந்நிலத்தார் அறிந்த சான்று ஒன்றுண்டு. 1957இல் எழுந்த ஆசியப் புளூ, ஹாங்காங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்ற கப்பலின் வழியாகச் சென்னையில் இறங்கிச் சில வாரங்களில் இந்தியா முழுதும் பரவியது. மலாயாவையும் தமிழகத்தையும் இணைத்த கடல்வழியே நோய்க்கும் வழியாயிற்று. இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44 இலட்சத்துக்கும் மேல். பதிவான இறப்புகள் ஆயிரத்துச் சொச்சமே. இக்கணக்கை மட்டும் பார்ப்பவர், நாலாயிரவரில் ஒருவரே இறந்தார், இதற்கா இத்தனை பேச்சு என்பார். உலகில் அந்நோயால் இறந்தோர் பத்து இலட்சத்துக்கும் மேல் என்பது பிற்கால மதிப்பீடு.

அப்படியானால் முதற்கட்சியே வென்றது எனலாமா? அதுவும் இல்லை. பிழையின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. ஒரு புதிய கிருமி உலகின் பல பகுதிகளில் மனிதரிடையே தொடர்ந்து பரவினால், அறிவியலார் அதனை உலகளாவிய தொற்று என்பர். அச்சொல் பரப்பைக் குறிக்கும், கடுமையைக் குறிக்காது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்கென எழுதிய விளக்கம் ஒன்றில், பேரளவான இறப்பும் நோயும் என்ற தொடர் இடம்பெற்றிருந்தது. 2009 மே மாதத்தில் அத்தொடர் நீக்கப்பட்டது. வரையறையையே மாற்றிவிட்டார்கள் என்றனர் எதிர்ப்பார். அது முறையான வரையறையாக என்றும் இருந்ததில்லை என்றனர் நிறுவனத்தார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. முறையான வரையறை மாறவில்லை. மக்கள் மனத்தில் இருந்த பொருளோ அந்நிறுவனமே விதைத்தது. இது மிகைபடக் கூறல் அன்று, மயங்க வைத்தல்.

தமிழில் இம்மயக்கம் இரட்டித்தது. ஏடுகள் பல 'கொள்ளைநோய்' என்று எழுதின. கொள்ளை என்றாலே சூறையாடலும் பேரளவும் நினைவுக்கு வரும். காலராவும் பிளேக்கும் ஊரூராகக் காலிசெய்த காலத்தின் சொல் அது. 'கொள்ளையில் போக' என்பது வசைமொழியாகவே வழங்கியது. பரப்பை மட்டும் சுட்டவேண்டிய இடத்தில் அச்சொல்லை வைத்தவுடன், மூலத்தில் இல்லாத மரணம் மொழிபெயர்ப்பில் புகுந்துகொண்டது. 2020இல் கோவிட் வந்தபின் பரவலாக வழங்கிய 'பெருந்தொற்று' என்னும் சொல்லே பொருளுக்கு நெருங்கியது. அது பரவலைச் சொல்கிறது. கடுமையைத் தனியே சொல்ல இடம்விடுகிறது.

'பன்றிக் காய்ச்சல்' என்ற பெயரின் கதையும் இத்தகையதே. கிருமியின் மரபுக்கூறுகள் பன்றிப் புளூவிலிருந்து வந்தன என்பது மெய். ஆனால் அது பரவியது மனிதரிடமிருந்து மனிதருக்கு. 2009 ஏப்ரல் இறுதியில் உலகச் சுகாதார நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டது. அதற்குள் எகிப்து தன் நாட்டுப் பன்றிகள் அனைத்தையும் கொல்ல ஆணையிட்டுவிட்டது. பெயர் பிழைத்தால் செயலும் பிழைக்கும் என்பதை மலேசியா அதற்கு முன்பே கண்டிருந்தது. 1998இல் பேராவில் பன்றி வளர்ப்பாரிடையே எழுந்த மூளைக்காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளையழற்சி என்று பெயரிட்டுக் கொசுவை ஒழிக்க முற்பட்டனர். அது நிப்பா என்னும் புதிய கிருமி என்று 1999இல் தெளிவதற்குள் காலம் கடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. அந்நினைவு மாறாத நாட்டில் 'பன்றிக் காய்ச்சல்' என்ற பெயர் எத்தகைய அச்சத்தை எழுப்பும் என்பதை எழுதியோர் எண்ணியிருக்க வேண்டும்.

மெய்யாகவே மிகைபடக் கூறிய காலமும் உண்டு. 1976இல் அமெரிக்காவின் போர்ட் டிக்ஸ் பாசறையில் ஒரு படைவீரர் புளூவால் இறந்தார். 1918இன் பேரழிவு திரும்புகிறது என அஞ்சி நான்கு கோடிக்கும் மேற்பட்டோர்க்குத் தடுப்பூசி இட்டனர். நோய் பாசறையைத் தாண்டிப் பரவவில்லை. ஊசியிட்டோருள் சில நூறு பேர்க்கு நரம்புத் தளர்ச்சி நோய் கண்டதால் அவ்வாண்டு டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. 1976ஐயும் 2009ஐயும் ஒரே தட்டில் வைப்பது தவறு. முன்னதில் நோய் வரவில்லை. பின்னதில் நோய் வந்தது, அதன் அளவைச் சொல்லிய சொற்களே தடுமாறின. 2011இல் ஹார்வி பைன்பெர்க் தலைமையில் ஆராய்ந்த குழுவும் இதனையே கண்டது. முறைகேடு நடந்ததற்குச் சான்றில்லை என்றது. ஆயினும் கடுமையை அளக்கத் தக்க முறை இல்லாதது குறை என்றும், உலகம் ஒரு கடும் புளூவைச் சந்திக்க ஆயத்தமாக இல்லை என்றும் அது கூறியது. அதன்பின் ஒன்பது ஆண்டுகளில், வேறொரு கிருமி அக்கூற்றை மெய்ப்பித்தது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவர்க்கு மூன்று அளவுகளைச் சொல்கிறார்: நோயுற்றவரின் நிலை, நோயின் அளவு, காலம். இருபத்தோராம் நூற்றாண்டின் குழு வேண்டிய அளவுகோலுக்கு இது அயலானதன்று. அடுத்த புளூச் செய்தி வரும்போது ஆசிரியர் வகுப்பறையில் மூன்று வினாக்களை எழுப்பலாம். எங்கெங்கே பரவியிருக்கிறது? நோயுற்ற ஆயிரவரில் எத்தனை பேர்க்குக் கடுமையாகிறது? அவர்கள் குழந்தைகளா, கருவுற்ற தாய்மாரா, முதியோரா? மூன்றுக்கும் தனித்தனியே விடை தரும் அறிவிப்பை நம்பலாம். ஒன்றுக்கு விடை கூறி மற்ற இரண்டையும் அதனுள் மறைக்கும் அறிவிப்பு, அச்சுறுத்துவதாயினும் அலட்சியம் செய்வதாயினும், நன்னூலார் குறித்த குற்றத்தினின்று தப்பாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று கேட்கும் தாய்க்கு வேண்டுவது எக்கட்சியின் வெற்றியும் அன்று; இம்மூன்று விடைகளே.