ஓர் இரவும் மூன்று பாடங்களும்: ஹமர்ஸ்மித் ஒலிப்பதிவு பற்றிய ஒரு மறுநோக்கு

1973 யூலை 3ஆந் திகதி இரவு இலண்டன் ஹமர்ஸ்மித் ஓடியன் அரங்கிலே டேவிட் பௌவி தம் குழுவினருடன் நடத்திய றொக் இசைநிகழ்ச்சியை டி. ஏ. பெனபேக்கர் திரைப்படமாக்கினார். அதன் ஒலிப்பதிவு மூன்று வெவ்வேறு பாடங்களாக வெளிவந்துள்ளது. 1983இல் ஆர். சி. ஏ. நிறுவனம் 'சிகி ஸ்ரார்டஸ்ற்: த மோஷன் பிக்சர்' என்னும் பெயரில் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு முதலாவது. 2003இல் ரோனி விஸ்கொன்ரி மீளக் கலந்தமைத்தது இரண்டாவது. ஐம்பதாண்டு நிறைவையொட்டி 2023இல் வந்தது மூன்றாவது. சுவடிகளின் பாடபேதங்களைப் பற்றி விரிவுரை மண்டபத்தில் மணிக்கணக்காகக் கேட்கும் நாம், இசைத்தட்டு விடயத்தில் மட்டும் புதியதே தெளிவானது, தெளிவானதே சிறந்தது என எண்ணிவிடுகிறோம்.

'கிளாம் றொக்' எனப்படும் இசைப்போக்கு 1970களின் முற்பகுதியிற் பிரித்தானியாவிலே செல்வாக்குப் பெற்றது. முகப்பூச்சு, மினுங்கும் உடை, ஆண் பெண் என்ற எல்லையைக் கலைக்கும் தோற்றம் என்பன அதன் புற அடையாளங்கள். பௌவியோ சிகி ஸ்ரார்டஸ்ற் என்ற கற்பனைப் பாத்திரமாகவே மேடையில் நின்றார். எனவே அவ்விரவு நிகழ்ந்ததை நாடகம் என்பதே பொருத்தமாகும். இறுதிப் பாடலுக்கு முன்னர், இது சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சி மாத்திரமன்று, தாங்கள் நடத்தும் கடைசி நிகழ்ச்சியே இதுதான் என அவர் அறிவித்தார். கிற்றார் கலைஞர் மிக் றொன்சன் இதனை முன்பே அறிந்திருந்தார். பாஸ் கிற்றார் வாசித்த ட்றெவர் போல்டரும் ட்றம் வாசித்த வூடி வூட்மன்சியும் அறிந்திருக்கவில்லை. சபையோர் கேட்டபோதுதான் அவர்களுங் கேட்டனர். பௌவி கூறிய தன்மைப் பன்மையைத் தமிழில் 'நாங்கள்' எனப் பெயர்க்கலாம். ஆனால் அந்த 'நாங்கள்' என்பதனுள் தாமும் அடங்குவர் என்பது உடன் நின்ற இருவருக்குந் தெரியாது. (பௌவி அதே ஆண்டு ஒக்ரோபரிலேயே இலண்டன் மாக்கீ அரங்கிற் பாடினார் என்பது வேறு கதை.)

இதனை மனத்திற் கொண்டு 2003ஆம் ஆண்டுப் பாடத்தைக் கேட்டல் வேண்டும். 1983 இசைத்தட்டில் ஒலி மங்கலானது. பௌவியின் குரலும் றொன்சனின் கிற்றாரும் முன்னே நிற்க, ஏனையவை ஒருவகைப் புகைமூட்டத்துள் அமிழ்ந்துவிடும். விஸ்கொன்ரி அப்புகையை விலக்கியதும் எனக்கு முதலிற் புலப்பட்டது போல்டரின் பாஸ். 'த விட்த் ஒவ் எ சேர்க்கிள்' என்ற நீண்ட உருப்படியில், பௌவி உடை மாற்ற உள்ளே போய்விட, மேடையை நெடுநேரந் தாங்கி நிற்போர் அம்மூன்று வாத்தியக்காரருமே. அன்றிரவுடன் கலைக்கப்படவிருந்த ஒரு குழுவின் உழைப்பு முப்பது ஆண்டுகளின் பின்னரே எனக்குச் செவ்வையாகக் கேட்டது. இதனை வெறுந் தொழினுட்பச் சீர்திருத்தம் என ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

2023ஆம் ஆண்டுப் பாடம் செய்தது வேறு. ஜெவ் பெக் விருந்தினராக வந்து வாசித்த பகுதி அதிலே சேர்க்கப்பட்டுள்ளது. பீற்றில்சின் 'லவ் மீ டூ' இடையிற் கலந்த 'த ஜீன் ஜீனி'யும் சக் பெரியின் பழைய பாடலொன்றும் அப்பகுதியில் அடங்கும். பெக்கின் இணக்கமின்மையால் முன்னைய இரு பாடங்களிலும் இவை இடம்பெறவில்லை. அவற்றில், 'வைற் லைற்/வைற் ஹீற்' பாடலின் இரைச்சல் ஓய்ந்ததும் பிரியாவிடை உரை வந்துவிடும். முடிவு ஊழ்போல வருகிறது. துன்பியல் நாடகத்துக்கு வாய்ப்பான அமைப்புத்தான். இப்போதோ அவ்விடத்திற் கொண்டாட்டம் நிகழ்கிறது. தாம் வழிபட்ட கலைஞரின் அருகில் நின்று றொன்சன் வாசிக்கிறார். பழைய றொக் அன் றோல் துள்ளுகிறது. அதன் பின்னரே அறிவிப்பு. இவ்வரிசை முன்னையதிலும் கொடியது என்பேன். எனினும் அன்று நிகழ்ந்த வரிசை இதுவே. கச்சிதமான நாடகத்தை இழந்தாலும் உண்மையான இரவைப் பெற்றுவிட்டோம் என்றே நான் கருதுகிறேன்.

பின்னைய இரு பாடங்களிலும் ஒரு குறை உண்டு. பிரியாவிடை உரை, ஒரு பாடலைப் போலத் தனித் தலைப்புடன் பட்டியலில் அச்சிடப்பட்டுள்ளது. போல்டருக்குத் தெரியாதது, பட்டியலைப் பார்த்தவருக்கு முதற் பாடலின் முன்னரே தெரிந்துவிடுகிறது. ஆகவே நாம் அச்சபையோருள் ஒருவராய் அமர்ந்து இதனைக் கேட்டல் இயலாது.

இயலும் இடம் ஒன்று உண்டு. ஜாக் பிறெல் இயற்றிய மரணம் பற்றிய பாடலைப் பௌவி தனியே கிற்றாருடன் பாடி, கடைசிச் சொல்லைச் சொல்லாது நிறுத்துகிறார். இருளிலிருந்து பெண்குரல்கள் அச்சொல்லைக் கூவி நிரப்புகின்றன. அவர் நன்றி கூறுகிறார். 1983ஆம் ஆண்டின் மங்கலான இசைத்தட்டிலும் அக்குரல்கள் நன்றாகவே கேட்டன.