எங்கே மாட்டுவது?

நியூயார்க். 69வது மாடி உயரத்தில் ஒரு இரும்பு உத்திரம். அதில் வரிசையாக உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டபடி மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள் 11 தொழிலாளர்கள். 1932 செப்டம்பரில் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை ஏதாவது ஓட்டல் சுவரில் பார்த்திருப்பீர்கள்.

படமாக அது அற்புதம்தான். ஓரத்தில் ஒருத்தர் இன்னொருத்தருக்கு சிகரெட் பற்றவைக்க நெருப்புக் கொடுக்கிறார். பயத்தின் சாயல்கூட இல்லை. ஆனால், ராக்ஃபெல்லர் சென்டர் கட்டடத்தின் விளம்பரத்துக்காக ஏற்பாடு செய்து எடுத்த படம் அது. தொழிலாளிகள் நிஜம், காட்சி செட்டப்! ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த வருஷம். வேறு வழியில்லாததை 'தைரியம்' என்று ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டோம். என் புகார் இதுதான்.

அன்றைய அமெரிக்கக் கட்டுமானத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: பத்து லட்சம் டாலர் வேலைக்கு ஓர் உயிர். காமர்ஸ்காரர்கள் தேய்மானம் எழுதுகிற மாதிரி! அதே முப்பதுகளில் சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது, 1,30,000 டாலர் செலவில் கீழே வலை கட்டினார்கள். விழுந்த 19 பேர் பிழைத்தார்கள். 1937 பிப்ரவரியில் சாரம் சரிந்து வலையையே கிழித்தபோது பத்துப் பேர் இறந்தார்கள். மொத்தச் சாவு 11. பழைய கணக்குப்படி 35 ஆகியிருக்க வேண்டும்.

வலைக்குப் பயிற்சி வேண்டாம், விழுந்தால் தாங்கும். இன்றைய ஹார்னஸ் அப்படியல்ல. போட்டவருக்கு விஷயம் தெரிந்திருந்தால்தான் காப்பாற்றும்.

சைட்டில் இன்னமும் அதற்கு 'பெல்ட்' என்றுதான் பெயர். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட், விழுகிற வேகத்தில் வயிற்றையும் முதுகையும் பதம் பார்த்துவிடும். விழுகிறவரைத் தாங்க அதை உபயோகிப்பதை அமெரிக்கா 1998 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டது. தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிப்பதுதான் ஹார்னஸ்.

அடுத்தது கணக்கு. கயிறு 6 அடி. அதிர்ச்சி தாங்கும் பட்டை பிரிந்து மூன்றரை அடி வரை நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 5 அடி. மொத்தம் பதினாலரை. 12 அடி உயரத்தில், காலடியிலேயே கொக்கியை மாட்டியவர் விழுந்தால்? ஹார்னஸோடு தரையில் மோதுவார்! தலைக்கு மேலே, உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும். விழுந்து தொங்குகிறவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்கவும் ஆள் வேண்டும். தொடைப்பட்டை இறுகி, காலில் ரத்தம் தேங்கினால் அதுவே உயிருக்கு ஆபத்து.

இதையெல்லாம் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாது. தொழிலாளியை ஹார்னஸோடு தொங்கவிட்டு, அவர் கையாலேயே மாட்டவும் கழற்றவும் வைத்துப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹார்னஸும் போட்டோவுக்குப் போடும் வேஷம்தான்.

படத்தை எந்தச் சுவரில் வேண்டுமானாலும் மாட்டலாம். கொக்கியை அப்படி மாட்ட முடியாது.