குவார்ட்ஸ் கண்ணாடி: பெயர் பொருந்துமா?

கைக்கடிகாரத்தின் முகப்பில் 'குவார்ட்ஸ்' என்று பொறித்திருக்கிறது. ஹாலஜன் விளக்கின் உறையையும் 'குவார்ட்ஸ்' என்கிறார்கள். இரண்டும் ஒரே பொருள்தானா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் 'ஆம்' என்பர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பெயர்தான் அப்படிச் சொல்ல வைக்கிறது. உண்மையில் கடிகாரத்தில் இருப்பது படிகம். விளக்கில் இருப்பது கண்ணாடி.

இரண்டிலும் சிலிக்கா ஒன்றே: ஒரு சிலிக்கான் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். இரண்டிலும் ஒவ்வொரு சிலிக்கானையும் நான்கு ஆக்சிஜன்கள் நான்முகியாகச் சூழ்ந்துள்ளன. ஆனால் குவார்ட்ஸில் இந்த நான்முகிகள், புள்ளி எண்ணி வைத்த கோலம் போல, ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கின்றன. உருக்கிக் குளிரவைத்த பின்னரும் நான்முகிகள் முனையோடு முனை கோத்தபடியேதான் இருக்கும். நெடுந்தொலைவு ஒழுங்கு மட்டும் போய்விடும். கண்ணாடியின் இந்த அமைப்பை 1932இல் ஜக்கரியாசன் விளக்கினார்.

ஒழுங்கு போனதால் என்ன நட்டம் என்று கேட்கலாம். எண்களைப் பாருங்கள். குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, கண்ணாடியாகிவிட்டால் 2.20. குவார்ட்ஸ் இரட்டை ஒளிவிலகல் உடையது. அதன் விலகல் எண்கள் 1.544, 1.553. கண்ணாடிக்கு ஒரே எண்தான்: 1.458. அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் பண்பு, 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டது, குவார்ட்ஸுக்கு உண்டு; கடிகாரம் ஓடுவதே அதனால்தான். கண்ணாடிக்கு அது கிடையாது. வெப்ப விரிவோ தலைகீழ். கண்ணாடியின் நீள் விரிவெண் டிகிரிக்குப் பத்து இலட்சத்தில் 0.55. படிகத்துக்கு அச்சின் திசையில் சுமார் 7, அச்சுக்குக் குறுக்கே சுமார் 13. சன்னல் கண்ணாடிக்கே 9தான்! செஞ்சூட்டில் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் உடையாது என்று நாம் பாடத்தில் வியப்பது கண்ணாடியையே. படிகத்தை அப்படிச் செய்தால் 573 டிகிரி செல்சியசில் அதன் அமைப்பே மாறி வெடித்துப் போகும்.

இதை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒளிச்சுழற்சிச் சோதனைக்காக 4 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு தகடு கேட்டு எழுதினோம். பட்டியலில் நான் குறித்தது 'குவார்ட்ஸ் தகடு' என்ற இரண்டே சொற்கள். நன்றாக மெருகிட்ட, மாசற்ற தகடு வந்தது. நைகல் பட்டகங்கள் இரண்டைக் குறுக்காக வைத்து, சோடிய ஒளியை இருளாக்கி, இடையில் தகட்டைச் செருகினோம். ஒளியின் தளம் மில்லிமீட்டருக்கு 21.7 டிகிரி வீதம் ஏறத்தாழ 87 டிகிரி திரும்பியிருக்க வேண்டும். இருள் அப்படியே இருந்தது. மாணவர்கள் பட்டகங்களைத் துடைத்தார்கள், விளக்கை மாற்றினார்கள். ஒரு மாணவி மட்டும் தகட்டைக் காற்றிலும் நீரிலும் எடை போட்டாள். விடை 2.2. அனுப்பியவர் ஏமாற்றவில்லை. அவர் தொழிலில் அதற்கும் 'குவார்ட்ஸ்' என்றுதான் பெயர். பாதித் தவறு என்னுடையது.

இக்குழப்பம் பழையது. 1887இல் பாய்ஸ் என்ற ஆங்கில இயற்பியலார் குவார்ட்ஸை ஆக்சி-ஹைட்ரஜன் சுடரில் உருக்கி, அதை வைக்கோல் அம்பொன்றில் ஒட்டி, வில்லில் வைத்து எய்தார். அம்பின் பின்னே கண்ணுக்கே புலப்படாத இழை நீண்டது. அந்த இழையில் தொங்கவிட்ட சிறு குண்டுகளைக் கொண்டுதான் 1895இல் ஈர்ப்பு மாறிலியின் மதிப்பை வெளியிட்டார். அதைக் 'குவார்ட்ஸ் இழை' என்றே உலகம் அழைத்தது, நாமும் அழைக்கிறோம். அதில் குவார்ட்ஸ் ஒரு துளியும் இல்லை. 'பாய்ஸின் இழைக்கு ஒளியியல் அச்சு எத்திசையில்?' என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் நல்ல மாணவனும் திணறுவான்.

மூலப்பொருளால் பெயரிடுவதில் என்ன தவறு, எள்ளிலிருந்து வருவதை எள்ளெண்ணெய் என்பதில்லையா என்று நண்பரொருவர் கேட்டார். என்கிறோம்தான். ஆனால் எள்ளெண்ணெயை விதைத்தால் முளைக்கும் என்று எவரும் எண்ணுவதில்லை. 'குவார்ட்ஸ் கண்ணாடி' என்று கேட்பவரோ அதில் படிகத்தின் பண்புகளைத் தேடுகிறார். மேலும் இப்போது மூலப்பொருளும் எப்போதும் குவார்ட்ஸ் அன்று. அமெரிக்காவில் கார்னிங் நிறுவனத்தில் ஹைடு என்ற வேதியியலார் சிலிக்கான் டெட்ராகுளோரைடு ஆவியைச் சுடரில் செலுத்தி இக்கண்ணாடியை ஆக்கும் முறைக்கு 1934இல் காப்புரிமை கோரினார். அது குவார்ட்ஸைக் கண்டதே இல்லை. இதனால்தான் தொழில்துறையினர், இயற்கைக் குவார்ட்ஸை உருக்கியதற்கு ஒரு பெயரும் ஆவியிலிருந்து ஆக்கியதற்கு வேறொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். வேறுபாடு பயனுள்ளது. முன்னதில் உலோக மாசுகள் மிகுதியாதலால் ஆழ்ந்த புற ஊதாக் கதிர் தடைப்படும். பின்னது அதை நன்கு விடும். ஆனால் அதில் தங்கும் ஹைட்ராக்சில் தொகுதி, 2.7 மைக்ரோமீட்டர் அருகே அகச்சிவப்பை விழுங்கிவிடும்.

கனிமவியலார் நம்மைவிடக் கவனமானவர்கள். மின்னல் மணலில் பாய்ந்தால் இதே கண்ணாடி இயற்கையில் உண்டாகிறது. அதை அவர்கள் குவார்ட்ஸ் என்று சொல்லாமல், சமநிலை விதி தந்த லெ ஷாட்லியே பெயரால் 'லெ ஷாட்லியரைட்' என்று தனியே குறித்தார்கள்.

இனி நம் தமிழாக்கங்கள். 'படிகக் கண்ணாடி' என்பது எல்லாவற்றினும் மோசமானது. படிகம் என்பது ஸ்படிகத்தின் திரிபு. ஸ்படிக மாலையில் உள்ள ஸ்படிகம் குவார்ட்ஸேதான். அச்சொல்லை ஒழுங்கமைப்புடைய எல்லாத் திண்மங்களுக்கும் பொதுவாக்கிவிட்டோம். ஒழுங்கில்லாத ஒன்றின் தலையிலும் அதை வைப்பது 'உப்பில்லா உப்பு' என்பது போலாகும். 'பளிங்கு' உதவாது, மணிமேகலையின் பளிக்கறை ஒருபுறமிருக்க, இன்று பளிங்கு என்றால் தரையில் பதிக்கும் கல்லே நினைவுக்கு வருகிறது. 'உருகிய சிலிக்கா' என்பது பிழையற்றது போலத் தோன்றும். ஆனால் 'உருகிய மெழுகு' என்றால் நாம் நினைப்பது திரவ மெழுகையல்லவா? சுமார் 1700 டிகிரியில் கொதிக்கும் குழம்பைக் கொண்டா கண்ணாடிக் குடுவை செய்தார்கள் என்று ஒரு மாணவன் கேட்டதில் குறும்பு இல்லை.

'சிலிக்காக் கண்ணாடி' என்பதே போதும் என்பது என் கருத்து. எதனால் ஆனது, எந்நிலையில் உள்ளது என்ற இரண்டையும் அது சொல்லிவிடுகிறது. ஆக்கிய முறை தேவைப்படும் இடத்தில் 'இயற்கைக் குவார்ட்ஸிலிருந்து', 'ஆவியிலிருந்து' என்று ஓர் அடைமொழி சேர்க்கலாம். பாய்ஸின் இழையையும் 'சிலிக்கா இழை' எனலாம். 'குவார்ட்ஸ்' என்ற சொல் படிகத்துக்கே இருக்கட்டும்.

அடுத்த பட்டியலில் நான் எழுதியது: 'குவார்ட்ஸ் படிகத் தகடு, ஒளியியல் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டியது, 4 மில்லிமீட்டர். சிலிக்காக் கண்ணாடி அன்று.' முதலில் வந்த தகட்டைத் திருப்பி அனுப்பவில்லை. ஒப்படர்த்திச் சோதனைக்கு அது இப்போது பயன்படுகிறது.