‘அபிஸ்’: ஒரு தேனீச் சொல் தேய்ந்த கதை

லத்தீன் மொழியில் தேனீக்கு ‘அபிஸ்’ என்று பெயர். அவசரத்தில் ‘ஆபீஸ்’ என்று வாசித்துவிட வேண்டாம். ஓயாத வேலை இரண்டிடத்திலும் உண்டு என்றாலும் சொல்லுறவு கிடையாது. ஒலி ஒத்திருந்தால் மட்டும் சொற்கள் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவதில்லை. ஆனாலும் வெளிமாநிலத் தமிழ்ச் சங்க மலர்களை ஆண்டுதோறும் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும், நம்மில் யாராவது ஒருவர் ஒரு வேற்றுமொழிச் சொல்லைப் பிடித்து, நாலு எழுத்தைத் தட்டிக் கொட்டி, ‘இதற்கும் மூலம் தமிழே’ என்று முடித்துவிடுவார். மண்டபத்தில் கைதட்டலும் கிடைக்கும். கல்லூரியில் ஒரு பருவம் மொழியியல் படித்த நம்ம வீட்டுப் பிள்ளை அதை வாசித்துவிட்டுச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு ஒரு கட்டுரையோடு நிற்காது. நாளைக்குத் தமிழின் பழமையைப் பற்றி நாம் உண்மையையே சொன்னாலும், ‘அப்பா, இதுவும் அந்த மாதிரியா?’ என்றுதான் கேட்கும். இங்கே பிறந்து வளரும் பிள்ளைக்குத் தமிழை எடுத்துச் சொல்ல வேறு ஆளில்லை, நாம்தான் இருக்கிறோம்.

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஏழாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு செவில் நகர ஆயர் இசிதோர் ஒரு பெரிய சொற்பிறப்புக் களஞ்சியம் எழுதினார். லத்தீனில் ‘பெஸ்’ என்றால் கால். தேனீக்கள் காலோடு கால் கோத்துத் தொங்குவதால், அல்லது காலில்லாமல் பிறப்பதால் அப்பெயர் வந்தது என்று இரண்டு விளக்கம் கொடுத்தார். தேனீயின் புழுவுக்குக் கால் இல்லை என்பது சரிதான். கவனிப்பு சரி, சொல்லாராய்ச்சி தவறு. நம் மலர்க் கட்டுரைகள் பலவற்றின் நிலையும் இதுவே.

இன்னொரு வலை இதைவிட அழகானது. எகிப்தில் மெம்பிஸ் நகரத்துப் புனிதக் காளைக்கும் ‘அபிஸ்’ என்று பெயர். ரோமானியக் கவிஞர் வர்ஜில் தம் உழவுக் காவியத்தின் நான்காம் பகுதியில், கொன்ற காளையின் உடலிலிருந்து தேனீக் கூட்டம் பிறக்கும் என்ற பழைய நம்பிக்கையைப் பாடுகிறார்; அந்த வழக்கத்துக்கு எகிப்தையே இடமாகவும் சொல்கிறார். காளை அபிஸ், தேனீ அபிஸ், நடுவில் எகிப்து. யாருக்குத்தான் சபலம் வராது? ஆனால் அந்தக் காளைக்கு எகிப்தியர் வழங்கிய பெயர் ‘ஹப்’ என்பது போன்ற ஒலியுடையது. கிரேக்கர் வாயில்தான் அது ‘அபிஸ்’ ஆயிற்று. அந்தக் கிரேக்கருக்கோ தேனீ ‘மெலிஸ்ஸா’. ஆகவே இந்தச் சிலேடை லத்தீன் காதுக்கு மட்டுமே கேட்கும். தேனீயின் லத்தீன் பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆங்கிலத்தின் ‘பீ’, ஜெர்மனின் ‘பீனெ’, லித்துவேனியத்தின் ‘பித்தெ’ எல்லாம் ஒரு குடும்பம். லத்தீன் மட்டும் தனியே நிற்கிறது.

சரி, பிறப்பு போகட்டும். அந்தச் சொல்லின் பிற்கால வாழ்க்கையைப் பற்றி ஒரு முழு நூலே இருக்கிறது. ழூல் ழில்யெரோன் என்ற அறிஞர் 1918-இல் பாரிஸில் வெளியிட்டது. தேனீயைக் குறிக்கும் சொற்களின் வம்சாவளி என்று தலைப்புக்குப் பொருள். இவர் எட்மோன் எட்மோன் என்ற, ஒரு காலத்தில் மளிகை வணிகம் செய்த மனிதரை 1897 முதல் 1901 வரை 639 ஊர்களுக்கு அனுப்பினார். நல்ல காது உள்ளவர் என்பதே அவர் தகுதி. ஊராரைக் கேட்டுக் கேட்டு எழுதி வந்ததை 1902 முதல் 1910 வரை நிலப்படங்களாக அச்சிட்டார்கள். அந்தப் படங்களில் தேனீப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மண் அடுக்குகளைப் படிக்கும் நிலவியலாளர் மாதிரி ழில்யெரோன் படிக்கிறார்.

அவர் காட்டுவது இது. வடக்குப் பிரான்சில் ‘அபிஸ்’ தேய்ந்து தேய்ந்து, ஒருமையில் ‘எஃப்’, பன்மையில் ‘எஸ்’ ஆயிற்று. தேனீயை யார் ஒற்றையாகப் பேசுகிறார்கள்? பன்மையே வாயில் நின்றது. அதன் கடைசி எழுத்தும் உச்சரிப்பில் விழுந்தது. மிஞ்சியது ‘ஏ’ என்ற ஒற்றை உயிர். அதைக் கொண்டு குடியானவன் என்ன பேசுவான்? மக்கள் ஆளுக்கொரு வழி தேடினார்கள். மேற்கில் சிறுமை விகுதி சேர்த்து ‘அவெத்’ என்றார்கள். பல வட்டாரங்களில் ‘மூஷ் அ மியெல்’ என்றார்கள். ‘தேன் ஈ’ என்பதே அதன் நேர்ப் பொருள். பாரிஸ் நகரத்துப் பொதுமொழியோ தெற்கிலிருந்து ‘அபேய்’ என்ற சொல்லைக் கடன் வாங்கியது. இது ‘அபிக்குலா’, அதாவது ‘குட்டித் தேனீ’ என்ற லத்தீன் சொல்லின் வாரிசு. பாரிஸ் பேச்சிலேயே அது வளர்ந்திருந்தால் நடுவில் ‘வ’ ஒலி வந்திருக்கும். ‘ப’ ஒலி இருப்பதே கடன் என்பதற்கு அத்தாட்சி. இப்படி ஓர் எழுத்தை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கிறாரே, அங்கேதான் நூலின் சுவை.

ஆனால் அவருடைய அடிப்படைக் கருத்தை அப்படியே விழுங்க என்னால் முடியவில்லை. சொல் மிகவும் குறுகிவிட்டால் அது நோயாளி, மருந்து தேட வேண்டும் என்பது அவர் கட்சி. தமிழன் இதை ஒப்புவானா? நன்னூலார் ஓரெழுத்து ஒருமொழி 42 என்று கணக்கே வைத்திருக்கிறார். தீ, பூ, மா, கை எல்லாம் சௌக்கியமாக இருக்கின்றன. நம்ம ‘ஈ’யைப் பாருங்கள். ஓர் உயிர், ஓர் எழுத்து. போதாததற்குக் ‘கொடு’ என்ற பொருளும் அதற்கே உண்டு. இருந்தும் அது சாகவில்லை. பிரெஞ்சிலேயே தண்ணீருக்கு ‘ஓ’ என்ற ஒற்றை ஒலிதான் பெயர், அதுவும் சாகவில்லை. குறுமை மட்டும் காரணம் என்றால் இவையும் போயிருக்க வேண்டுமே. எனக்குப் படுவது, தமிழ் ‘ஈ’க்கு ஈயை, ஈக்கு, ஈக்கள் என்று வேற்றுமையும் பன்மையும் வந்து சதை போடுகின்றன. பிரெஞ்சு ‘ஏ’க்கு அந்த ஆதரவு இல்லை, விகுதியும் உதிர்ந்துவிட்டது. ழில்யெரோன் பிரான்சுக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தால் தம் விதியை இவ்வளவு அடித்துப் பேசியிருக்க மாட்டார். அவருடைய சேவல் கதை இதைவிட உறுதியானது: கஸ்கோன் பகுதியில் சேவலும் பூனையும் ஒலி மாற்றத்தால் ஒரே ‘கத்’ ஆகிவிட, ஒரே முற்றத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டு திண்டாடிய மக்கள் சேவலுக்கு வேறொரு பறவையின் பெயரை வைத்துவிட்டார்கள். அங்கே குழப்பம் கண்முன் இருக்கிறது.

‘தேன் ஈ’ என்ற கூட்டுச்சொல் விஷயத்துக்கு வருவோம். பிரெஞ்சுக் குடியானவன் சொன்னதும் நாம் சொல்லும் ‘தேனீ’யும் ஒன்றே. இதைக் கண்டதும் நம்மவர் ஒருவர் பேனாவைத் திறப்பார் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து மூடி வையுங்கள். வங்காளத்தில் ‘மௌமாச்சி’, இந்தியில் ‘மதுமக்கி’, மராத்தியில் ‘மத்மாஷி’, எல்லாம் தேன் ஈதான். கண்ணால் பார்ப்பவன் எவனும் போய்ச் சேரும் இடம் அது. கருத்து ஒற்றுமை வேறு, பிறப்பொற்றுமை வேறு. மலையாளத்துத் ‘தேனீச்ச’, தெலுங்குத் ‘தேனெடீக’ ஆகியவற்றோடு நமக்குள்ளது பிறப்புறவு. அங்கே தேனும் ஈயும் ஒலியாலேயே ஒத்துவருகின்றன.

இதிலும் ஒரு பொறி உண்டு. வங்காளி ‘மௌ’ என்கிறான், பிரெஞ்சுக்காரன் ‘மியெல்’ என்கிறான். இரண்டும் ‘ம’வில் தொடங்குகின்றன, இரண்டும் தேன். உறவு என்று சத்தியம் பண்ணத் தோன்றும். உண்மையில் ‘மௌ’ வடமொழி ‘மது’வின் தேய்வு. அதற்கு உடன்பிறப்பு கிரேக்கத்தில் மதுவைக் குறிக்கும் ‘மெது’வும், ஆங்கிலத்தில் தேன்மதுவைக் குறிக்கும் ‘மீட்’டும். ‘மியெல்’ வேறு வேர். பக்கத்தில் நிற்பது உறவல்ல, தூரத்தில் நிற்பது உறவு.

‘அபிஸ்’ நம் வீட்டிலும் இருக்கிறது. ஹோமியோபதிக் கடையில் வாங்கும் ‘ஏபிஸ் மெல்லிபிகா’ சீசாவைப் பாருங்கள். 1758-இல் லின்னேயஸ் ‘தேன் சுமப்பது’ என்று பொருள்பட ‘மெல்லிஃபெரா’ என்று பெயரிட்டார். தேனீ சுமப்பது பூவின் இனிப்பு நீரைத்தான், தேனைச் செய்வது கூட்டில்தான் என்று உணர்ந்து 1761-இல் ‘தேன் செய்வது’ எனத் திருத்தினார். முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்ற விதியால் அறிவியலில் திருத்தம் எடுபடவில்லை. மருந்துச் சீசாவில் மட்டும் வாழ்கிறது.

ழில்யெரோனிடம் நாம் கடன் வாங்க வேண்டியது அவர் முடிவுகளை அல்ல, கேட்கும் பழக்கத்தை. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்தது அந்த வகை வேலை. நமக்கு அது இன்னும் சுலபம். நெல்லை, சேலம், தஞ்சை, குமரி என எல்லா ஊர்க்காரரும் பொங்கல் விழாவில் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாறையில் கட்டும் பெரிய தேனீக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? புதரில் ஒற்றை அடை கட்டுவதற்கு? கொட்டாத சின்னதற்கு? குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தலைவன் பேசுவது தும்பியோடு. அது பூவில் தேன் தேடும் வண்டினம். இன்றைக்குத் ‘தும்பி’ என்றால் உங்கள் பாட்டி வண்டைக் காட்டுவாரா, மழைக்கு முன் தாழப் பறக்கும் தட்டானைக் காட்டுவாரா? ‘இறால்’ சங்க நூல்களில் தேனடை. அதை இன்னும் அந்தப் பொருளில் சொல்லும் ஊர் எதுவும் மிச்சமிருக்கிறதா, அல்லது எல்லாருக்குமே அது மீன் கடைச் சரக்காகிவிட்டதா?